உமிழ்நீர் ஆய்வு

உமிழ்நீர் வாயினுள் இருக்குங்காறும் எவரும் அதனை வெறுப்பதில்லை. வெளிவந்த அக்கணமே அஃது எச்சில் எனப் பெயர் பெற்று அருவருப்புக்கு உரியதாகின்றது. அவ்வெச்சில் 2020-ஆம் ஆண்டில் மருத்துவர்க்குக் கைகொடுத்த வரலாறு அறியத்தக்கது.

அவ்வாண்டில் கொரோனா என்னும் நச்சுயிரியால் விளைந்த கோவிட் நோய் உலகெங்கும் பரவிற்று. நோயுற்றாரைக் கண்டறிய, நீண்ட பஞ்சுக்குச்சியை மூக்கின் வழியே தொண்டையின் மேற்புறம் வரை செலுத்திச் சளியை எடுத்தனர். அது கண்ணீரையும் தும்மலையும் வருவிப்பது. அத்தும்மலுக்கு எதிரே நின்ற செவிலியர்க்கோ அது பேரிடர். குச்சிகளும் போதிய அளவிற் கிட்டவில்லை.

அமெரிக்காவில் யேல் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த ஆன் வைலி என்னும் அம்மையாரும் அவர்தம் குழுவினரும், மருத்துவமனையிலிருந்த நோயாளிகளின் மூக்குச் சளியையும் உமிழ்நீரையும் ஒப்புநோக்கினர். நோய் உறுதிப்பட்டபின் முதல் 5 நாள்களில், உமிழ்நீர் 100-க்கு 81 வீதமும், சளி 71 வீதமும் நோயைக் காட்டின. இதனினும் வியப்பானது ஒன்றுண்டு. நோய்க்குறி சிறிதுமில்லாத மருத்துவப் பணியாளர் 495 பேரை ஆராய்ந்தபொழுது, 13 பேருடைய உமிழ்நீரில் நச்சுயிரி காணப்பட்டது. அவருள் 9 பேர் அன்றே மூக்குச் சளியும் எடுத்திருந்தனர். அவற்றுள் 7 நோயில்லை என்றே கூறின. பின்னர் எடுத்த சளியோ அப்பதின்மூவர்க்கும் நோயுண்மையை உறுதிப்படுத்திற்று. உமிழ்நீர் காட்டிக்கொடாதிருப்பின், அவ்வெழுவரும் தம் நோயைத் தாமறியாராய்ப் பிணியாளரிடையே பணிபுரிந்திருப்பர் அல்லரோ?

உமிழ்நீரில் நச்சுயிரியைக் காண்பது எங்ஙனம் எனின், கூறுவாம். கொரோனாவின் உறைக்குள் இருப்பது ஆர்.என்.ஏ. என்னும் மெல்லிழை. உமிழ்நீரில் ஒரு நொதியைக் கலந்து, 95 டிகிரி செல்சியசு வெப்பத்தில் 5 நிமிடம் வைப்பர். உறை சிதைய, இழை வெளிப்படும். அதனைப் படியெடுத்து, அப்படியை இரண்டு, நான்கு, எட்டு என இரட்டித்துச் செல்வர். 30 முறை இரட்டித்தால் ஒன்று 100 கோடிக்கு மேற்பட்டதாகும். அதன்பின் கருவியின் பார்வைக்குத் தப்பாது. இழையைத் தனியே பிரித்தெடுக்கும் விலைமிக்க பொருள்கள் இம்முறைக்கு வேண்டா. அமெரிக்க அரசு 2020 ஆகத்தில் இதற்கு இசைவு அளித்தது. யேல் அறிஞர் செய்முறையை மறைத்து வையாது பிற ஆய்வகங்களுக்கும் வழங்கினர். இவ்வாராய்ச்சிக்குப் பொருளுதவியோருள் அந்நாட்டுக் கூடைப்பந்தாட்டக் கழகத்தாரும் இருந்தனர் என்பது வியப்பே!

இதன்கண் இடர்ப்பாடுகளும் உள. உணவுண்ட உடனே உமிழ்நீர் எடுத்தல் தகாது. கோழை மிக்க உமிழ்நீர் நுண்குழாயில் எளிதில் ஏறாது ஆய்வாளரை வருத்தும். துப்பென்றால் துப்ப அறியாத குழவிகளுக்கோ குச்சியே வேண்டப்படுகின்றது.