ஒரு வருஷத்துச் செயலாளருக்கு

ராஜபாளையம்

அன்புள்ள மருமகனுக்கு,

ஜூலை 1ஆம் தேதி ரோட்டரி சங்கச் செயலாளராகப் பொறுப்பேற்கப் போகிறாய். சந்தோஷம். நீ அனுப்பிய ஆண்டுத் திட்டத்தைப் படித்தேன். செண்பகத்தோப்பு பளியர் பழங்குடியினர் குடியிருப்பில் போர்வை, நோட்டு, அரிசிப்பை வழங்கும் விழா ஒன்று. இளைஞர் பரிமாற்றத் திட்டத்தில் வரும் வெளிநாட்டு மாணவி ஒருத்தியை ஒரு கல்வியாண்டு ஸ்ரீவில்லிபுத்தூரில் வைத்துப் படிக்கவைப்பது இன்னொன்று. முதலாவதைத் தர்மம் என்றும் இரண்டாவதை உலக நட்பு என்றும் தனித்தனித் தலைப்பில் போட்டிருக்கிறாய். இரண்டாவதை எந்த முறையில் செய்யப்போகிறாயோ, அதே முறையில் முதலாவதையும் செய்ய வேண்டும் என்பது என் கருத்து. ஏன் என்று சொல்கிறேன்.

அந்த மாணவி வருவதற்கு முன் சங்கம் எவ்வளவு வேலை பார்க்கிறது என்று கவனி. அவளை ஏற்கும் குடும்பங்களைப் பற்றி விசாரிக்கிறோம், வீட்டையே நேரில் போய்ப் பார்க்கிறோம். ஒரே வீட்டுக்குப் பாரமாகாமல் இரண்டு மூன்று வீடுகளில் மாற்றி மாற்றித் தங்கவைக்கிறோம். அந்த வீட்டுக்காரர்கள் யாருக்கும் சம்பளம் கிடையாது. பள்ளியில் இடம், காப்பீடு, கைச்செலவுப் பணம் எல்லாம் முன்கூட்டியே பேசி முடிவாகின்றன. எல்லாவற்றிலும் எனக்குப் பிடித்தது, அவளுக்கென ஓர் ஆலோசகரை நியமிக்கும் விதி. தங்கியிருக்கும் வீட்டில் மனஸ்தாபம் வந்தால் தயங்காமல் சொல்ல ஓர் ஆள் வேண்டும் என்பதால், அவர் அந்த வீட்டைச் சேராதவராகத்தான் இருக்க வேண்டும். பதினாறு, பதினேழு வயதுப் பெண்ணுக்குக் காய்ச்சல் வந்தால் யாரைக் கூப்பிடுவது, அம்மா நினைவு வந்து அழுதால் யார் உட்கார்ந்து பேசுவது என்பதுவரை யோசித்து வைத்திருக்கிற ஏற்பாடு இது. இவ்வளவும் தெரிந்த அதே சங்கம், ஸ்ரீவில்லிபுத்தூருக்கு மேற்கே சில கிலோமீட்டரில் இருக்கிற பளியர் பிள்ளைக்கு ஒரு மணி நேரம் ஒதுக்குகிறது. அதிலும் பாதி நேரம் பொன்னாடைக்கும் வரவேற்புரைக்கும் போய்விடுகிறது.

இதை மனக்குறைவு என்று நான் சொல்லமாட்டேன், அமைப்பே அப்படி. தலைவரும் செயலாளரும் ஜூலையில் வந்து ஜூனில் போகிறார்கள். ரோட்டரி மாவட்ட கவர்னர் வருகைக்கு முன் எதையாவது செய்து காட்டியாக வேண்டும், ஆகவே ஒரே நாளில் முடிகிற வேலைகளைத் தேடுகிறோம். ஆனால் சேவைச் சங்கங்கள் பெருமையாகச் சொல்லிக்கொள்ளும் காரியங்களில் ஒன்றுகூட ஒரு வருஷத்தில் முடிந்ததல்ல. 1985இல் ரோட்டரி போலியோபிளஸ் திட்டத்தை அறிவித்தது. இந்தியாவில் இயற்கையாகப் பரவும் போலியோவின் கடைசி நோயாளி 2011 ஜனவரியில் ஹவுரா பக்கம் கண்டறியப்பட்டாள். இந்தியாவும் அடங்கிய தென்கிழக்கு ஆசியா போலியோ இல்லாத பகுதி என்ற சான்று கிடைத்தது 2014 மார்ச் 27 அன்று. இதற்குள் ஒவ்வொரு சங்கத்திலும் 29 தலைவர்கள் மாறியிருப்பார்கள்! சொட்டு மருந்து முகாமன்று எடுத்த படங்கள்தான் பத்திரிகையில் வந்தன. போலியோவை விரட்டியதோ மறுநாள் வேலை. வீடு வீடாகப் போனவர்கள் கதவோரம் சாக்பீஸால் குறியிட்டார்கள். பிள்ளைகள் எல்லோருக்கும் போட்டாயிற்று என்றால் 'பி', யாராவது விட்டுப்போயிருந்தால் 'எக்ஸ்'. அந்த எக்ஸ் போட்ட வீட்டுக்குத் திரும்பவும் போனார்கள்.

மதுரை அரவிந்த் மருத்துவமனையின் கண் முகாம்களும் இதையே காட்டுகின்றன. 1976இல் டாக்டர் வெங்கடசாமி 11 படுக்கைகளோடு தொடங்கியது அது. முகாமுக்கு இடம் பிடிப்பது, தண்டோரா போடுவது, ஆள் சேர்ப்பது எல்லாம் லயன்ஸ், ரோட்டரி மாதிரி உள்ளூர் அமைப்புகளின் பொறுப்பு. வைத்தியம் மருத்துவமனையின் பொறுப்பு. அறுவை சிகிச்சை இலவசம் என்று சொல்லியும் ஜனங்கள் தயங்கினார்கள். பஸ்ஸுக்குக் காசு, சாப்பாடு, கூட வர ஓர் ஆள் என்று சின்னச் சின்னத் தடைகள் இருந்தன. பஸ்ஸும் சாப்பாடும் ஏற்பாடானபின் கூட்டம் வந்தது. பண விஷயத்திலும் பார், ரோட்டரி அறக்கட்டளையின் ஆண்டு நிதிக்கு நாம் கொடுப்பது மூன்று ஆண்டு முதலீட்டில் இருந்து, பிறகுதான் திட்டங்களுக்கு வருகிறது. பணமே மூன்று வருஷம் காத்திருக்கிறபோது நம் திட்டம் ஒரு பிற்பகலோடு முடியலாமா?

ஆகவே செண்பகத்தோப்பில் பத்தாவது முடிக்கப்போகிற இரண்டு பிள்ளைகளை எடுத்துக்கொள். பெற்றோரைக் கேட்டு, ஆசிரியரைக் கேட்டு, அவர்கள் சம்மதித்தால் மட்டும். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஓர் ஆலோசகர், மூன்று ஆண்டுக்கு. பழங்குடியினர் சாதிச் சான்றிதழ் கோட்டாட்சியர் கையால் வர வேண்டியது. விசாரணை, ஆவணம், மறுபடி வா என்று இழுத்தால் கூலி வேலையை விட்டுவிட்டு எத்தனை நாள் அலைய முடியும்? சான்றிதழ் இல்லையேல் உதவித்தொகையும் இல்லை, இட ஒதுக்கீடும் இல்லை. விடுதியும் உதவித்தொகையும் தர அரசாங்கம் இருக்கிறது. நம் சங்கத்தில் வக்கீல், ஆடிட்டர், ஓய்வுபெற்ற தாசில்தார் என்று மனு எழுதத் தெரிந்தவர்கள் இருப்பார்கள். அந்தப் பிள்ளைக்கு இல்லாதது அப்படிப்பட்ட ஓர் ஆள்தான்.

"வெளிநாட்டுப் பிள்ளையின் டிக்கெட்டையும் காப்பீட்டையும் அவளைப் பெற்றவர்கள் பார்த்துக்கொள்கிறார்கள், இங்கே எல்லாம் நம் கைக்காசு" என்று பொருளாளர் சொல்வார். நியாயம்தான். ஆனால் பஸ் கட்டணமும் விண்ணப்பச் செலவும் உன் விழாவின் பந்தல், ஃபிளெக்ஸ், சாப்பாட்டுச் செலவைத் தாண்டுமா என்று அவரையே கணக்குப் போடச் சொல். பரிமாற்றமே வசதியான வீட்டுப் பிள்ளைகளின் உல்லாசம் என்பவர்களும் உண்டு. பிள்ளையை அனுப்ப மட்டும் ஆசைப்பட்டு, இன்னொரு வீட்டுப் பிள்ளையை ஏற்கத் தயங்குகிறவர்களைப் பார்த்தால் அந்தக் குற்றச்சாட்டை மறுக்கச் சிரமமாக இருக்கிறது. அதனால்தான் அனுப்புவதைவிட ஏற்பதை நான் பெரிதாக எண்ணுகிறேன். கடைசியாக ஓர் ஆட்சேபம், என் மனதுக்கே கனமானது: ஆலோசகர் என்ற பெயரில் எஜமானத்தனம் நுழைந்துவிடும். 1988இல் சாம்பல் நிற அணில் சரணாலயம் என்றும் 2021இல் புலிகள் காப்பகம் என்றும் அறிவிக்கப்பட்டது செண்பகத்தோப்புக் காடு. அந்தக் காட்டில் எங்கே போகலாம், எதை எடுக்கலாம் என்று பளியர்களுக்கு உத்தரவு போட ஏற்கெனவே நிறைய பேர் இருக்கிறார்கள், நாமும் சேர வேண்டாம். பரிமாற்ற மாணவியை நாம் பயனாளி என்று அழைப்பதில்லை. விருந்தாளி என்கிறோம், அவளிடமிருந்து கற்றுக்கொள்கிறோம். தேன் எடுக்கவும் மரம் அடையாளம் சொல்லவும் தெரிந்த வீட்டுப் பிள்ளைக்கும் அந்த மரியாதை உண்டு. அந்த வெளிநாட்டுப் பெண் ராக்காச்சி அம்மன் கோயில் ஓடைக்குப் போகட்டும், காட்டழகர் கோயிலுக்கும் போகட்டும். குடியிருப்புக்கு மட்டும் அங்குள்ளவர்கள் கூப்பிட்டால் போகட்டும். கேமரா வேண்டாம்.

போர்வையையும் கொடு, மார்கழிக் குளிர் நிஜம். பேனர் இல்லாமல் கொடு. முதல் கூட்டத்திலேயே ஆலோசகர் இருவரின் பெயரையும் மூன்று ஆண்டு என்ற காலத்தையும் தீர்மானமாக எழுதிவிடு. அடுத்த தலைவர் யார், அதற்கடுத்தவர் யார் என்பது பெரும்பாலும் இப்போதே முடிவாகியிருக்கும். அவர்கள் இருவரிடமும் அதில் கையெழுத்து வாங்கு. மறுப்பவர் யாரென்று தெரிந்துகொள்வதும் உனக்கு உபயோகம்தான்.

அக்காவையும் அத்தானையும் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
உன் மாமா