கைதட்டும் கரங்களும் களமிறங்கட்டும்

முன்னுரை

ஆண்டுதோறும் கல்லூரிகளில் விளையாட்டு விழா நடைபெறுகின்றது. ஓடுவோர் சிலர், தாண்டுவோர் சிலர், பந்தல் நிழலில் அமர்ந்து கைதட்டுவோர் பலர். பரிசு பெற்றோரைப் பாராட்டி மகிழும் நாம், அந்தப் பலரைப் பற்றி எண்ணுவதில்லை. மூன்றாண்டும் பார்வையாளராகவே இருந்து பட்டம் பெறும் மாணவர், பின்னர் அலுவலக நாற்காலியிலோ கடைக் கல்லாவிலோ அமர்ந்துவிடுகிறார். அவரைக் களத்திற்கு அழைப்பது எவ்வாறு என ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இலக்கியம் காட்டும் விளையாட்டு

தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில், உவகை பிறக்கும் நிலைக்களன்கள் நான்கு என்கிறார். செல்வம், அறிவு, காதலர் கூட்டம் ஆகியவற்றோடு விளையாட்டையும் அவர் சேர்த்தெண்ணுகிறார். அறிவும் விளையாட்டும் ஒரே நிரலில் நிற்பது கல்விக்கூடத்தார் கருதத்தக்கது. சங்க இலக்கிய மகளிர் பந்தாடினர், ஊசலாடினர், புனலாடினர், ஓரையாடினர். அவ்வாடல்களுக்கு மகிழ்ச்சியே பயன்.

நாமோ விளையாட்டைத் திறமையாளரின் போட்டியாகவோ மருத்துவர் விதிக்கும் கசப்பு மருந்தாகவோ ஆக்கிவிட்டோம். இயங்காதார் விலகி நிற்பதற்குச் சோம்பல் மட்டுமே காரணமன்று. 'நமக்கு இது வராது. பிறர் நகைப்பர்' என்னும் கூச்சமும் காரணமாகும்.

நபிவழி காட்டும் நெறி

இடையறாது நோன்பு நோற்று, இரவெல்லாம் நின்று வணங்கிய அப்துல்லாஹ் இப்னு அம்ரு (ரலி) அவர்களிடம், உடலுக்கும் அவர்மீது உரிமை உண்டென நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் நினைவூட்டினார்கள். வணக்கத்தின் பொருட்டும் உடலை மறத்தலாகாது எனின், சோம்பலின் பொருட்டு மறப்பதற்கு நாம் என்ன விடை கூறுவோம்?

நாயகம் (ஸல்) அவர்கள் அன்னை ஆயிஷா (ரலி) அவர்களோடு ஓட்டப்பந்தயம் ஓடியதை அபூதாவூத் நபிமொழித் தொகுப்பில் காண்கிறோம். முதன்முறை அன்னையார் முந்தினார்கள். பின்னொரு காலத்தில், அன்னையாரின் உடல் பருத்திருந்தபோது, நாயகம் முந்தினார்கள். பெண்மையோ உடற்பருமனோ அங்கே தடையாகக் கருதப்படவில்லை என்பது நம் குடும்பத்தார் எண்ணத்தக்கது.

ஆய்வு தரும் சான்று

இலண்டன் மாநகரின் இரட்டைமாடிப் பேருந்துப் பணியாளரை ஆராய்ந்த ஜெரி மாரிஸ் என்னும் மருத்துவ அறிஞர், 1953-இல் தம் முடிவுகளை வெளியிட்டார். நாள் முழுதும் அமர்ந்திருந்த ஓட்டுநரைவிட, படிகளில் ஏறி இறங்கிய நடத்துநரிடையே இதயக் குழாய் நோய் குறைவாக இருந்தது. அந்நடத்துநர் விளையாட்டு வீரர் அல்லர்; தம் கடமையை ஆற்றியவரே.

2022-ஆம் ஆண்டு நிலவரப்படி உலகில் வயது வந்தோருள் 31 விழுக்காட்டினர் போதிய உடலியக்கம் இல்லாதவர் என்று உலக நலவாழ்வு நிறுவனம் கூறுகிறது. இந்தியாவில் ஏறத்தாழப் பாதிப்பேர். பெண்களில் 57, ஆண்களில் 42 விழுக்காடு. வாரத்திற்கு 150 நிமிட மிதமான உழைப்பேனும் வேண்டுமென்பது அந்நிறுவனம் 2020-இல் வகுத்த அளவு. அதனினும் குறைந்த சிறு முயற்சியும் பயன் தரும் என்றும் அது தெளிவுபடுத்தியுள்ளது.

அழைக்கும் முறை

அறிவுரை கூறுவதினும் உடன் நடப்பதே சிறந்த அழைப்பு. ஆசிரியர் மாணவரோடு மாலையில் நடக்கட்டும். விளையாட்டு விழாவில் வெற்றி தோல்வியற்ற ஆடல்களும் இடம்பெறட்டும்; கிளித்தட்டும் நொண்டியும் மீண்டு வரட்டும். மாணவியர்க்கும் மகளிர்க்கும் தனி நேரமும் தனி இடமும் ஒதுக்குதல் நிருவாகத்தாரின் கடமை. இடம் தராமல் 'அவர்கள் வருவதில்லை' என்று குறைகூறுதல் முறையன்று. அஸர் தொழுகைக்குப்பின் திண்ணையில் அமரும் பெரியோர், அவ்வுரையாடலை நடந்துகொண்டே நிகழ்த்தலாமே! நோயுற்றோர் மருத்துவரின் கருத்தறிந்து தொடங்குதல் நன்று. முதல்நாள் பத்து நிமிடம் நடந்தவரைப் பாராட்டுவோம், நடவாதவரை நகையாதிருப்போம்.

முடிவுரை

உடல் இறைவன் நம்மிடம் ஒப்படைத்த அமானிதம். அதனைப் பேணுதல் வீரர் சிலருக்கு மட்டும் உரிய கடமையன்று. அடுத்த விளையாட்டு விழாவில் எத்தனை கோப்பைகள் வென்றோம் என்று மட்டும் எண்ணாது, பந்தல் நிழலினின்று எத்தனைபேர் எழுந்து வந்தனர் என்றும் எண்ணுவோமாக!