மின், இலா தெரிந்த பிள்ளைக்கு ஆங்கில இலக்கணம்

பிள்ளைக்கு ஆங்கிலத்தில் மதிப்பெண் குறைந்துவிட்டது, மத்ரஸாவை நிறுத்திவிட்டு டியூஷனுக்கு அனுப்பலாமா என்று தாய்மார்கள் சிலர் நம்மிடம் கேட்கிறார்கள். நிறுத்த வேண்டாம் என்றே சொல்லி வருகிறோம். காரணத்தை எல்லோருக்குமாக இங்கே எழுதுகிறோம்.

சொற்களைத் தமிழ் இலக்கணம் பெயர், வினை, இடை, உரி என நான்காகப் பிரிக்கிறது. அரபி நஹ்வு பாடம் இஸ்மு, ஃபிஃலு, ஹர்ஃபு என்று மூன்றோடு முடித்துவிடுகிறது. ஆங்கிலப் புத்தகத்தில் எட்டு. மிரள வேண்டியதில்லை. இஸ்மு என்ற ஒரே பெட்டியில் இருப்பதைத்தான் ஆங்கிலம் நவுன், புரோநவுன், அட்ஜெக்டிவ் என்று பிரித்து வைக்கிறது. ஃபிஃலுதான் வெர்ப். ப்ரிபொசிஷனும் கன்ஜங்ஷனும் பெரும்பாலும் ஹர்ஃபு. அட்வெர்பும் இன்டர்ஜெக்ஷனும் மட்டும் தனியாகப் படிக்க வேண்டியவை.

நம் மாலை வகுப்பில் ஒரு மாணவர், ‘ஐ கடலூர் ஃப்ரம் சிதம்பரம் டு வென்ட்’ என்று எழுதினார். தமிழில் ‘இலிருந்து’, ‘கு’ என்பவை ஊர்ப் பெயருக்குப் பின்னால் வருகின்றன. அதே வரிசையில் எழுதிவிட்டார். “மின், இலா எங்கே வரும் தம்பி?” என்று கேட்டோம். “பெயருக்கு முன்னாடி” என்றார். சொன்ன கையோடு ‘ஃப்ரம் கடலூர் டு சிதம்பரம்’ என்று தாமே திருத்தினார். ‘வென்ட்’ என்ற வெர்பை ‘ஐ’க்கு அடுத்து நகர்த்துவது மட்டும்தான் பாக்கி.

அட்ஜெக்டிவில் அரபி வழி உதவாது. பைத்துன் கபீருன் என்பதில் வீடு முன்னால், பெரிய என்பது பின்னால். ‘பிக் ஹவுஸ்’ நம் ‘பெரிய வீடு’ போலவே வரும். அங்கே தமிழைப் பிடித்துக்கொள்ளலாம்.

பிள்ளைகள் அதிகம் தடுமாறுவது வேறு இடத்தில். ஃபாஸ்ட் என்ற சொல் நவுனா என்று கேட்டால் பதில் இல்லை. ‘த ஃபாஸ்ட்’ என்றால் நோன்பு, நவுன். ‘வி ஃபாஸ்ட் இன் ரமலான்’ என்றால் நோன்பு நோற்கிறோம், வெர்ப். ‘ஃபாஸ்ட் ட்ரெயின்’ என்பதில் அட்ஜெக்டிவ். ‘ஹி ரன்ஸ் ஃபாஸ்ட்’ என்பதில் அட்வெர்ப். சொல் மாறவில்லை, நிற்கும் இடம்தான் மாறியது. ஆகவே நவுன் பட்டியலை மனப்பாடம் செய்ய வைப்பதில் நமக்கு நம்பிக்கை இல்லை. வாக்கியத்தோடுதான் கேட்க வேண்டும். அலிஃப் லாம் வந்தால் இஸ்மு என்று படித்த பிள்ளை, ‘த’ வந்தால் பின்னால் ஒரு நவுன் இருக்கிறது என்பதையும் பிடித்துக்கொள்ளும்.

மக்தபில் எழுத்துக் கூட்டி ஓதும் சின்னப் பிள்ளைகளுக்கு இது பொருந்தாது. நஹ்வு தொடங்கியவர்கள், அந்தக் கிதாபையும் பள்ளி ஆங்கிலப் புத்தகத்தையும் சேர்த்தே மாலை வகுப்புக்குக் கொண்டு வரட்டும்.