தோண்டுமுன் மண்ணை வாசிப்போம்

ஊரையும் வயலையும் விட்டு வந்தாலும், மண்ணைப் பற்றிய அறிவை நாம் விட்டு வரவில்லை. அகழ்வாராய்ச்சிக்கு முதலில் வேண்டியது அந்த அறிவே.

அப்புத்தளைக் காற்று நமக்குப் பழக்கமானது. ஹல்துமுல்லைக்குக் கீழே வளவை ஆற்றில் சமனலவெவ அணை எழும்பியபோது, மூழ்கவிருந்த பகுதியைக் கில் ஜூலெஃப் என்ற ஆய்வாளரின் குழு ஆராய்ந்தது. 1990-91இல் அகழ்ந்தபோது, மேற்கு நோக்கிய சரிவுகளில் கி.பி. 7 முதல் 11ஆம் நூற்றாண்டு வரையிலான இரும்பு உலைகள் வெளிப்பட்டன. துருத்தி இல்லை; பருவக்காற்றே நெருப்பை மூட்டியது. 1994இல் அவ்வாறே உலை கட்டி உருக்கிப் பார்த்தார்கள். நல்ல உருக்கு கிடைத்தது.

இதைச் சொன்னவை பொன்னோ சிலையோ அல்ல. சுட்ட களிமண்ணும் இரும்புக் கசடும், அவை கிடந்த இடமும் திசையுமே. யாரேனும் அவற்றை அள்ளிக் குவித்திருந்தால் இச்செய்தி அழிந்திருக்கும்.

ஆகவே, அகழ்வில் தொண்டராகச் சேர்ந்தால்:

1. சிறு கரண்டியால் மெல்லச் சுரண்டுவோம். மண்ணின் நிறமோ இறுக்கமோ மாறினால் உடனே நிறுத்திச் சொல்வோம்.

2. எடுத்த மண்ணை அரிதட்டில் அரிப்போம்.

3. கிடைத்த ஒவ்வொன்றுக்கும் குழி, ஆழம், திகதி எழுதிய சீட்டு வைப்போம்.

தோட்டம் கொத்தும்போது பழம்பொருள் தென்பட்டால், அதை அசைக்காமல் கிராம அலுவலருக்கோ பொலிசுக்கோ அறிவிப்போம். அனுமதியின்றிப் பழம்பொருள் தேடித் தோண்டுவது 1940ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம்.

அந்தப் பள்ளத்தாக்கு இன்று நீருக்கடியில். எழுதிவைத்ததால் அதன் உழைப்பாளரை அறிகிறோம்.

கலந்துரையாட: நாம் விட்டுவந்த ஊரின் மேடு, குளக்கட்டு, பழைய கிணறு எவை? அவற்றைப் பிள்ளைகளுக்குச் சொல்லி எழுதிவைத்தோமா?