வள்ளலார் வரலாறும் ஒருமைப்பாடும்

சமயச் சீர்திருத்தச் சான்றோரின் வரலாற்றை எழுதுவார்க்கு ஓர் இடையூறு உண்டு. அன்பு முதிர்ந்து வழிபாடாகும்போது, அவர் ஆற்றிய பணி மறைந்து அற்புதங்களே எஞ்சி நிற்கும். இதனை எண்ணிப் பார்க்கத் துணைசெய்யும் நூல், சிலம்புச் செல்வர் ம.பொ.சிவஞானம் (1906–1995) இயற்றிய 'வள்ளலார் கண்ட ஒருமைப்பாடு' ஆகும். 1966இல் சாகித்திய அகாதெமி பரிசு பெற்ற நூல் இது.

மூன்றாம் வகுப்போடு பள்ளிப் படிப்பு நின்றுவிட, நெசவும் அச்சுக்கோப்பும் செய்து வாழ்ந்தவர் ம.பொ.சி. அவர் தம் நூலுக்கு 'வள்ளலார் சரித்திரம்' எனப் பெயரிட்டாரல்லர். ஆளினும் அவர் கண்ட கொள்கையே தலைப்பில் முன்னிற்கின்றது. வரலாறு எழுதப் புகும் மாணவர் கற்க வேண்டிய முதற்பாடம் இதுவே.

இரண்டாம் பாடம், ஆண்டுகளை வரிசைப்படுத்திப் பார்த்தல். 1823இல் மருதூரில் பிறந்த இராமலிங்க அடிகள், 1865இல் சன்மார்க்க சங்கம் கண்டார். 1867இல் வடலூரில் சத்திய தருமச்சாலையை நிறுவினார். 1872இல் சத்திய ஞானசபையைத் திறந்தார். 1874இல் மேட்டுக்குப்பத்தில் மறைந்தார். வழிபாட்டுக்குரிய சபை எழுவதற்கு ஐந்தாண்டுகள் முன்னரே பசித்தவர்க்கு அடுப்பு மூட்டப்பட்டுவிட்டது. சோறு முன்னர், சபை பின்னர் என்னும் இவ்வரிசையே அவர் கொள்கைக்கு உரை எனலாம்.

ஆயினும் மக்கள் பெரிதும் பேசுவது, கருங்குழியில் தண்ணீரால் விளக்கெரிந்தது என்னும் செய்தியையே. (கடப்பாக்கத்தார் மதுராந்தகத்தை அடுத்த கருங்குழியை எண்ணிவிடலாகாது, இது வடலூரை அடுத்தது.) விளக்கைப் போற்றுவோர் அடுப்பை மறத்தல் முறையாகுமா?

பசித்தவர்க்கு உணவளித்தலைப் பேரறமாகக் கொண்ட இசுலாமியர்க்கு அடிகள் அயலார் அல்லர். அவர் பாடல்கள் அருட்பாவா, மருட்பாவா என்ற வழக்கு மூண்டபோது, அருட்பாவின் பக்கம் நின்று வாதிட்ட புலவருள் ஒருவர் இடலாக்குடி செய்குத்தம்பிப் பாவலர் (1874–1950). அடிகள் மறைந்த ஆண்டிலே பிறந்த இம்முசுலிம் பெரும்புலவர், பிறசமயச் சான்றோர் ஒருவரின் பாடலுக்காக அவையேறினார். ஒருமைப்பாடு ஏட்டளவில் நிற்பதன்று என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

ஆகவே மாணவர்களே, எச்சான்றோரின் வரலாற்றைக் கையிலெடுப்பினும், 'இவர் எவ்வற்புதம் செய்தார்?' என்று தொடங்காதீர்கள். 'இவரால் யார் பசி தீர்ந்தது?' என்று கேளுங்கள். அவ்வினாவிற்கு விடை தரும் நூலே வாழ்க்கை வரலாறு, ஏனையவை புகழுரைகளே.