போர்ஷன் முடிந்தால் போதுமா?

அன்புள்ள மருமகளுக்கு,

அத்தை எழுதுவது. முதலாண்டு இயற்பியல் வகுப்பில் பிள்ளைகள் வாயே திறப்பதில்லை என்று போனில் வருத்தப்பட்டாய். ஒரு மணி நேரமும் நீயே பேசிக்கொண்டிருந்தால் அவர்கள் எப்போது பேசுவார்கள்?

ஹார்வர்டில் எரிக் மசூர் என்றொரு இயற்பியல் பேராசிரியர். பாடம் நடத்துவதில் மாணவர்களிடம் நல்ல பெயர். ஆனால் கடினமான கணக்குகளைப் போட்டுவிடும் அதே மாணவர்கள், விசையைப் பற்றிய எளிய கேள்விகளில் தடுமாறுவதைக் கண்டு, 1990களின் தொடக்கத்தில் முறையை மாற்றினார். கொஞ்சம் விளக்கம், உடனே ஒரு கேள்வி. ஒவ்வொருவரும் தனியாக யோசித்து விடை சொல்ல வேண்டும். பிறகு பக்கத்தில் இருப்பவரோடு வாதாடிவிட்டு மறுபடி சொல்ல வேண்டும்.

இதற்குக் கருவி எதுவும் வேண்டாம். விடை ஒன்றா, இரண்டா, மூன்றா என்று எல்லாரையும் ஒரே நேரத்தில் விரல் காட்டச் சொல். கேள்விதான் முக்கியம். மேலே எறிந்த பந்து உச்சியில் இருக்கும் கணத்தில் அதன் முடுக்கம் எவ்வளவு? பலர் பூஜ்யம் என்பார்கள். அங்கே திசைவேகம்தான் பூஜ்யம். முடுக்கம் கீழ்நோக்கி அதே 9.8. உடனே இதைச் சொல்லிவிடாதே, அவர்கள் சண்டை போடட்டும். தமிழிலேயே போடட்டும்; பாதி மௌனம் ஆங்கிலப் பயத்தால் வருவது. இந்த விடைகளுக்கு இன்டர்னல் மார்க் மட்டும் வைத்துவிடாதே. வைத்தால் பக்கத்து விரலைப் பார்த்துத் தன் விரலைக் காட்டுவார்கள்.

போர்ஷன் முடியாதே என்பாய். புத்தகத்தில் இருக்கும் தருவிப்புகளை வீட்டில் படித்து வரச் சொல். நோட்ஸ் சொல்லி எழுதவைப்பதை நிறுத்தினாலே நேரம் கிடைக்கும். இதனால் பலன் உண்டா என்கிறாயா? அறிவியல், பொறியியல், கணிதப் பாடங்களில் நடந்த 225 ஆய்வுகளை 2014இல் தொகுத்துப் பார்த்தார்கள். விரிவுரை மட்டும் நடந்த வகுப்புகளில் தோற்றவர்கள் ஏறக்குறைய 34 விழுக்காடு. மாணவர்களை ஈடுபடுத்திய வகுப்புகளில் 22.

ஒன்றுக்கு நீ தயாராக இருக்க வேண்டும். "மேடம் நடத்தவே மாட்டேங்கிறாங்க" என்று புகார் வரும். ஹார்வர்டிலேயே 2019இல் வெளியான ஓர் ஆய்வில், இப்படிப் படித்தவர்கள் தேர்வில் அதிக மதிப்பெண் எடுத்தார்கள். ஆனால் குறைவாகக் கற்றதாகவே நினைத்தார்கள். மூளையைக் கசக்குவது அவர்களுக்குப் புரியாமையாகத் தோன்றுகிறது; சரளமான விரிவுரை புரிந்துவிட்டதாக மயக்குகிறது. ஆகவே முதல் வாரமே ஏன் இப்படி நடத்துகிறாய் என்று பிள்ளைகளிடம் சொல்லிவிடு. துறைத்தலைவர் காதிலும் போட்டுவை.

எல்லா வகுப்பையும் ஒரேயடியாக மாற்றாதே. அடுத்த வாரம் ஒரு வகுப்பு, இரண்டு கேள்விகள், அவ்வளவுதான். கேள்விகளை எழுதி எனக்கு அனுப்பு, பார்த்துத் திருத்தித் தருகிறேன்.

அன்புடன்,
அத்தை