லயக் காம்பராவில் பாலன் குடில்

(பெற்றோருக்கான மறைக்கல்விப் பாடம்)

வாசிக்க: லூக்கா 2: 1-20, மத்தேயு 2: 13-15



மார்கழிக் குளிர் மலையில் இறங்கிவிட்டது. நத்தார் நெருங்கும்போது நம் வீடுகளில் எழும் முதற் கேள்வி, "இந்த முறை பிள்ளைகளுக்கு என்ன வாங்குவது?" என்பதுதான். புத்தாடை, கேக், பட்டாசு என்று கணக்குப் போடுகிறோம். கையில் காசு இல்லாவிட்டால் காதுத் தோடு அடகுக் கடைக்குப் போகிறது. தைப்பொங்கல் கழிந்த பின்னும் அந்தக் கடன் தீருவதில்லை. ஆனால் நத்தார் எதற்காக என்பதை நம் பிள்ளைக்கு யார் சொல்லிக் கொடுப்பது என்ற கேள்வியை நாம் கேட்பதில்லை.

சுவாமியார் சொல்லுவார், மறைக்கல்வி ஆசிரியை சொல்லுவார் என்று விட்டுவிட முடியாது. பல தோட்டங்களுக்கு ஒரே குருவானவர்தான் போய் வருகிறார். இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1964ஆம் ஆண்டு திருச்சபையைப் பற்றி வெளியிட்ட ஏட்டில் குடும்பத்தை இல்லத் திருச்சபை என அழைத்தது. பிள்ளைக்கு விசுவாசத்தை முதன்முதலில் அறிவிக்கும் கடமை பெற்றோருடையது என்றும் கற்பித்தது. 10 அடிக்கு 12 அடி லயக் காம்பராவும் இல்லத் திருச்சபையே.

1. குடிலைப் பிள்ளைகள் கட்டட்டும்

1223ஆம் ஆண்டு நத்தார் இரவில், இத்தாலியின் கிரேச்சியோ என்ற மலைக் கிராமத்தில், புனித பிரான்சிஸ் அசிசியார் பாலன் யேசுவின் பிறப்பை மக்கள் கண்ணால் காணும்படி அமைத்தார். வைக்கோல் பரப்பிய தீவனத் தொட்டியும், உயிருள்ள மாடும் கழுதையுமே அங்கு இருந்தன. விலை கொடுத்து வாங்கிய அலங்காரம் எதுவுமில்லை. திருத்தந்தை பிரான்சிஸ் 2019 டிசம்பர் 1ஆம் திகதி அதே கிராமத்திற்குச் சென்று, வீடுகளில் குடில் கட்டும் வழக்கத்தைக் கைவிடாதிருக்கும்படி உலகெங்கும் உள்ள விசுவாசிகளைக் கேட்டு ஒரு மடலில் கையொப்பமிட்டார்.

நமக்கு வேண்டியவை வீட்டைச் சுற்றியே கிடக்கின்றன. கவ்வாத்து மலையில் பொறுக்கிய மிலாறு கூரைக்கு ஆகும். பாறைப் பாசி தரைக்கு ஆகும். களிமண்ணில் சூசையப்பரையும் தேவமாதாவையும் ஆட்டுக்குட்டியையும் பிள்ளைகளே பிடிக்கட்டும். ஆடு நாயைப் போலிருந்தாலும் திருத்த வேண்டாம். தீவனத் தொட்டியை வெறுமையாக வையுங்கள். பிள்ளை ஒரு நற்செயல் செய்யும்போதெல்லாம் ஒரு துண்டு மானாப்புல்லை அதில் இடட்டும். தம்பியை அடிக்காமல் பொறுத்துக்கொண்டாலும், அப்பாயிக்குத் தண்ணீர் கொண்டு வந்து கொடுத்தாலும் ஒரு புல். நத்தார் இரவு பாலன் படுக்கும் மெத்தை அப்படி நிறையட்டும்.

ஓர் எச்சரிக்கை: மெழுகுதிரியைக் குடிலுக்குள் வைக்காதீர்கள், எரியும் திரியை விட்டுவிட்டுப் பூசைக்குப் போகாதீர்கள். ஒரு காம்பராவில் பற்றிய தீ லயம் முழுவதையும் எரித்துவிடும்.

2. கதையை நம் கதையாகச் சொல்லுங்கள்

கொழுந்து நிறுத்து, வீடு வந்து, அடுப்பு மூட்டிய பின் கால் மணி நேரம் போதும். அடுப்பைச் சுற்றிப் பிள்ளைகளை உட்கார வைத்து, லூக்கா எழுதியதைச் சிறிது சிறிதாகச் சொல்லுங்கள்.

இராயனின் கட்டளைப்படி பெயர் பதிய சூசையப்பர் ஊர்விட்டு ஊர் போனார். நம் தாத்தா பாட்டிமாரும் பதிவுக்காக அலைந்தவர்களே. 1948ஆம் ஆண்டுச் சட்டத்தால் நம்மவரில் பெரும்பாலோர் குடியுரிமை இழந்தார்கள். எஞ்சியிருந்தவர்களுக்கும் அதை வழங்கும் சட்டம் 2003ஆம் ஆண்டில்தான் வந்தது. தேவமாதாவுக்குச் சத்திரத்தில் இடம் கிடைக்கவில்லை. ஒரே காம்பராவில் மூன்று தலைமுறை படுத்துறங்கும் வீட்டுப் பிள்ளைக்கு அதை விளக்கிச் சொல்ல வேண்டுமா? நற்செய்தியை முதலில் கேட்டவர்கள் இராக்காவல் காத்த இடையர்கள். அதுவும் கூலி வேலைதான். பின்பு திருக்குடும்பம் எகிப்துக்கு ஓடியது. 1964ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின் பின், மலைநாட்டு ரயில் நிலையங்களில் உறவைக் கட்டிப் பிடித்து அழுதுவிட்டுத் தலைமன்னாருக்குப் போய்க் கப்பலேறிய குடும்பங்களை நம் பெரியவர்கள் இன்னும் நினைத்திருக்கிறார்கள்.

இப்படிக் கேட்டு வளரும் பிள்ளை, "தோட்டத்துப் பிள்ளை" என்று யாராவது இகழ்ந்து பேசும்போது தலை குனியாது. தேவன் நம்மைப் போன்றவர்களிடையே பிறந்தார் என்பதை அது அறிந்திருக்கும்.

3. நத்தார் இரவு

குளிரில் தூரம் நடக்க முடியாத குழந்தைகளுள்ள வீட்டார் காலைத் திருப்பலிக்குப் போகலாம்; அதில் குறையில்லை. இரவில் வீட்டிலேயே கூடுங்கள். தந்தை நற்செய்தியை வாசிக்கட்டும். வாசிக்கத் தெரிந்த மூத்த பிள்ளை வாசித்தாலும் நன்று. கடைக்குட்டி பாலனைத் தொட்டியில் கிடத்தட்டும். எல்லோரும் ஒரு பாட்டுப் பாடி, தாயும் தந்தையும் பிள்ளைகளின் நெற்றியில் சிலுவை அடையாளமிட்டு ஆசீர்வதியுங்கள்.

தகப்பன்மாரே, ஒரு சொல். அன்றிரவு நீங்கள் குடித்துவிட்டு வந்தால், மேலே சொன்னவை எதுவும் நடவாது. பிள்ளை குடிலைப் பார்க்காது. உங்கள் முகத்தைப் பார்த்துப் பயந்து போர்வைக்குள் ஒளியும். நத்தார் என்றாலே சண்டை என்று அது வளர்ந்த பிறகும் நினைத்துக்கொண்டிருக்கும். புதுச் சட்டை இல்லாத நத்தாரைப் பிள்ளை மறந்துவிடும், இதை மறக்காது.

தாய் வெளிநாட்டில் வீட்டு வேலைக்குப் போயிருந்தால், அந்த நேரத்தில் தொலைபேசியில் அழையுங்கள். ஒரு மன்றாட்டை அவர் சொல்லட்டும். நேரம் ஒத்துவராவிட்டால் அவர் பெயரைச் சொல்லி மன்றாடுங்கள்.

4. பக்கத்துக் காம்பரா

தீபாவளிக்குப் பலகாரம் தந்த வீட்டுக்கு நத்தாரன்று முதல் தட்டைப் பிள்ளையின் கையில் கொடுத்தனுப்புங்கள். 2025 நவம்பர் இறுதியில் வந்த டித்வா புயலும் மண்சரிவுகளும் மலையகத்தில் பல உயிர்களைப் பறித்து, பல குடும்பங்களை வீடற்றவர்களாக்கின. அப்படி இழந்த ஒரு குடும்பம் உங்களுக்கு அருகில் இருந்தால், அந்த வீட்டுப் பிள்ளைகளும் உங்கள் குடிலருகே உட்காரட்டும். இடமில்லை என்று சொன்ன சத்திரக்காரனாக நாம் இருக்க வேண்டாம்.

கலந்து பேச:

1. சென்ற நத்தாரில் நம் பிள்ளைகளின் நினைவில் நிற்பது எது? அவர்களையே கேளுங்கள்.

2. இவ்வாரம் எந்த மாலையைக் கதை சொல்ல ஒதுக்குவோம்?

3. முதல் தட்டு எந்த வீட்டுக்கு?

செபம்:

பாலன் யேசுவே, எங்கள் காம்பரா சிறியது, புகை படிந்தது. உம்முடைய தொழுவமும் அப்படித்தான் இருந்தது. எங்கள் பிள்ளைகளின் கைகள் கட்டிய இக்குடிலில் வந்து தங்கியருளும். தூரத்தில் இருப்பவர்களைக் காத்தருளும். எங்கள் வீட்டில் கோபத்தையும் குடியையும் நீக்கி, சமாதானம் தந்தருளும். ஆமென்.